கூத்துக்கு நட்சத்திரம் போடலாமா?

பாலாற்றங்கரை எழுதியது:

நேற்று நம் குழுவில் வந்த ஒரு பதிவைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஆரணிப் பக்கத்து ஊர் ஒன்றில் திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் நடந்த பதினெட்டாம் போர் கூத்துக்கு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார் நண்பர் ஒருவர். ஆரம்பிக்க நேரமாகிவிட்டது, நடுவில் சினிமா மெட்டு வந்தது, துரியோதனன் வேஷக்காரருக்குக் குரல் கட்டியிருந்தது என்று மூன்று குறை. கூடவே ஒரு சின்ன வீடியோ. ஆடிய ஜமாவின் (கூத்துக் குழுவின்) பெயரும் அதை நடத்தும் வாத்தியாரின் பெயரும் பளிச்சென்று இருந்தன. தான் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டதாகவும் அவர் எழுதியிருந்தார்.

பதினெட்டாம் போரில் ஒரு மணிக்கு என்ன நடந்திருக்கும்? துரியோதனனின் திரைப் பிரவேசம் முடிந்து, கோமாளியான கட்டியக்காரனோடு பேச்சு நடந்துகொண்டிருக்கும். தம்பிமார் போய், கர்ணனும் போய், தனி ஆளாகிவிட்ட அரசன் மடுவில் ஒளிகிற இடம் அதற்கப்புறம்தான் வருகிறது. பீமன் கரையில் நின்று ஏசி ஏசி அவனை வெளியே வரவழைப்பது விடியற்காலையில். அந்தக் கூத்து, ஆடுகிற இடமான களரியோடு முடிவதும் இல்லை. மண்ணால் செய்து படுக்க வைத்திருக்கும் துரியோதனனின் தொடையில் அடி விழுந்து, பாஞ்சாலி கூந்தலை முடிகிற படுகளத்தில்தான் அது முடியும். இதில் எதையும் பார்க்காமல் இரண்டு நட்சத்திரம் எப்படி வந்தது?

விமர்சனமே கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்யாறு, வந்தவாசி, ஆரணி, ஆற்காடு, வேலூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்கப் பங்குனியிலிருந்து ஆடி வரை களரி கட்டுகிறார்கள். இவ்வளவு பெரிய இசை நாடக மரபுக்கு எழுத்தில் விமர்சனம் என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை. வரத்தான் வேண்டும். யார் எழுதுவது, எப்படி எழுதுவது என்பதைப் பேசுவோம்.


ஆரணி நெசவு எழுதியது:

அந்தப் பதிவை எழுதியவன் நான்தான். ஒளிந்துகொள்ளப் போவதில்லை.

எங்கள் ஊரில் விழாவுக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறார்கள். தறி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வீட்டுக்கு இவ்வளவு என்று கொடுத்தாக வேண்டும். ஜமாவை அமர்த்தத் தாம்பூலம் கொடுத்ததும் அந்தப் பணத்தில்தான். பத்து மணிக்கு மேளக்கட்டு, அதாவது தொடக்க வாத்தியம், என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பன்னிரண்டுக்குத்தான் ஆரம்பித்தார்கள். குழந்தைகளும் பெரியவர்களும் பாய் விரித்துக் காத்துக்கிடந்தார்கள். இதைக் கேட்க எனக்கு உரிமை இல்லையா?

சினிமாவுக்கு முதல் நாள் காலையிலேயே விமர்சனம் வருகிறது. கச்சேரிக்கு வருகிறது. கூத்து என்றால் மட்டும் ‘பாவம், கிராமத்துக் கலைஞர்கள்’ என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறோம். குறை சொன்னால் தாங்க மாட்டார்கள் என்று நினைப்பதுதான் பெரிய அவமரியாதை. நான் அவர்களைச் சரிக்குச் சமமான கலைஞர்களாக நினைப்பதால்தான் எழுதினேன். ஒரு மணிக்கு நான் கிளம்பியதற்குக் காரணம் காலை ஆறு மணிக்குத் தறிக்குழியில் இறங்க வேண்டும். நேரத்துக்குத் தொடங்கியிருந்தால் இன்னும் இரண்டு மணி நேரக் கூத்தை நான் பார்த்திருப்பேன்.


வாலாஜா ரயிலடி எழுதியது:

நேரம் பற்றிச் சொன்னது நியாயம். அதை விமர்சனம் என்று சொல்லாமல் புகார் என்று சொல்லுங்கள். அதற்கு விழாக் குழு இருக்கிறது.


ஜெர்சியில் ஒரு குடியாத்தத்தான் எழுதியது:

தள்ளி இருந்து பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இசை நாடகமும் விமர்சகரும் என்ற சண்டை இங்கே நியூயார்க்கில் பழைய சண்டை. அதிலிருந்து நமக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று சொல்லப் பார்க்கிறேன்.

இங்குள்ள பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் ஒரு நாடகம் முறையாகத் தொடங்குவதற்கு முன்னால் சில வாரங்கள் முன்னோட்டக் காட்சிகள் போடுவார்கள். பாட்டை வெட்டுவார்கள், காட்சியை மாற்றுவார்கள். பிறகு இனி மாற்றமில்லை என்று உறுதி செய்த பின்புதான் விமர்சகர்களை அழைப்பார்கள். அதற்கப்புறம் வாரத்துக்கு எட்டுக் காட்சி, எட்டும் ஒரே மாதிரி. அதனால்தான் விமர்சகர் ஒரு நாள் பார்த்து எழுதியதை நம்பி இன்னொருவர் ஆறு மாதம் கழித்து டிக்கெட் வாங்க முடிகிறது. நட்சத்திரம் போடும் பழக்கமே டிக்கெட் வாங்குகிறவருக்காக வந்ததுதான்.

அந்த அதிகாரம் சின்னதல்ல. நியூயார்க் டைம்ஸில் 1980 முதல் 1993 வரை தலைமை நாடக விமர்சகராக இருந்த ஃபிராங்க் ரிச்சுக்குப் ‘பிராட்வேயின் கசாப்புக்காரர்’ என்றே பட்டப்பெயர். 1981இல் இசையமைப்பாளர் ஸ்டீபன் சோந்தைமின் ‘மெரிலி வீ ரோல் அலாங்’ வந்தபோது விமர்சனங்கள் அடித்து நொறுக்கின. முறையான காட்சிகள் 16தான் நடந்தன, மூடிவிட்டார்கள். அதே நாடகம் மறுபடி மேடையேறி, 2024இல் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி விருது வாங்கியது. மறுபக்கமும் உண்டு. 1985 அக்டோபரில் லண்டன் பார்பிகனில் ‘லே மிசராப்லே’ தொடங்கியபோது பத்திரிகைகள் பெரும்பாலும் மட்டம் தட்டின. மக்கள் வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார்கள். லண்டனில் அது இன்னும் ஓடுகிறது. ‘ஃபாண்டம் ஆஃப் தி ஆப்ரா’வை ரிச் பாதி மெச்சிப் பாதி குறை சொல்லி எழுதினார். அது 1988இல் தொடங்கி 2023இல் மூடும் வரை பிராட்வேயில் 13,981 காட்சிகள் ஓடியது.

நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த ‘பாம்பே ட்ரீம்ஸ்’ கூட லண்டனில் 2002 முதல் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தது. 2004இல் பிராட்வேக்கு வந்து 284 காட்சிகளோடு முடிந்தது.

இதில் எது கூத்துக்குப் பொருந்தும்? டிக்கெட் இல்லை. நாளைக்கு அதே கூத்து அதே மாதிரி நடக்கப் போவதும் இல்லை. நாளை வேறு ஊர், வேறு நாடகம், அதே வேஷக்காரருக்கு வேறு வேஷம். அப்படியிருக்க ஆரணி நண்பர் போட்ட நட்சத்திரத்தை வைத்து யார் எதை முடிவு செய்வார்கள்? அடுத்த ஊர் நாட்டாண்மை தாம்பூலம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார், அவ்வளவுதான். ஒரு மணி வரை பார்த்ததை நம்பி.


செய்யாறு மாணவி எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடில்லை. விமர்சனம் டிக்கெட் வாங்குகிறவருக்கு மட்டும்தான் என்றால், டிக்கெட் இல்லாத கலைக்கு அது தேவையே இல்லை என்றாகிவிடும். நான் நாடகத்தில் ஆய்வு செய்கிறேன். பழைய கூத்தைப் பற்றித் தேடினால் கையில் கிடைப்பது என்ன? சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போட்ட கூத்துப் புத்தகங்கள் கிடைக்கும். அதில் பாட்டு இருக்கிறது, தாளமில்லாமல் இழுத்துப் பாடும் விருத்தம் இருக்கிறது, வசனம் இருக்கிறது. அந்த விருத்தத்தை யார் எந்த இடத்தில் எப்படி இழுத்துப் பாடினார், எந்த அடியில் மிருதங்கம் நின்றது, கூட்டம் எங்கே அழுதது என்று ஒரு வரி கிடையாது.

ஒரு தலைமுறைக்கு முன்னால் பாடிய பெரிய வாத்தியார்களில் பெரும்பாலோருக்குப் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அவர்கள் காலத்தில் அவர்கள் ஊரிலேயே ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருந்தால்?

எழுதியவர்கள் இருந்த இடத்தில் என்ன நடந்தது என்றும் பாருங்கள். கல்கி ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ‘ஆடல் பாடல்’ எழுதினார். கச்சேரியும் நாட்டியமும் நாடகமும் வீட்டுத் திண்ணைப் பேச்சாக மாறின. இசை, நாட்டிய விமர்சகர் சுப்புடுவுக்குப் பயந்தவர்கள் உண்டு, ஆனால் பயந்தவர்களும் அவர் எழுதியதைப் படித்தார்கள். கூத்துக்கு அப்படி யார்? நாடகாசிரியர் ந. முத்துசாமி, செய்யாறு பக்கத்துப் புரிசை ஊரின் நடேசத் தம்பிரானின் கூத்தைப் பார்த்துவிட்டு எழுதிய கட்டுரைகள் ‘அன்று பூட்டிய வண்டி’ என்று நூலாக வந்தன. அவர் 1977இல் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னாலும் அந்த அனுபவம் இருந்தது. ஒரு நல்ல பார்வையாளர் எழுதினால் எவ்வளவு நடக்கும் என்பதற்கு அதுவே போதும். ஆனால் அது சென்னையில் நடந்தது. வேலூரில், செய்யாறில் நடக்கவில்லை.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் ஆல்ஃப் ஹில்டெபைட்டல், ரிச்சர்ட் ஃபிராஸ்கா, ஹன்னெ டி புருயின் எல்லோரும் இந்தப் பக்கம் வந்து வருடக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியதை வைத்து என் ஊர்க் கூத்தை நான் தெரிந்துகொள்கிறேன். எனக்கு இதில் வருத்தம் இருக்கிறது.


வாலாஜா ரயிலடி எழுதியது:

விமர்சகர் இல்லை என்று எல்லோரும் சொல்கிறீர்கள். ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார், எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

பாரத விழாவில் பகலில் பிரசங்கம் நடக்கும். வில்லிபாரதப் பாட்டைச் சொல்லிப் பொருள் விரிப்பார் பிரசங்கியார். அன்று மதியம் கேட்ட கதையை அன்று ராத்திரி களரியில் பார்க்கிறோம். எனவே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கிழவர்களுக்குக் கதை அத்துபடி. வில் வளைப்புக் கூத்தில் ஓர் அடி விட்டுப் போனால் முணுமுணுப்பு கிளம்பும். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறும்போது படிக்குப் படி பாட வேண்டிய பாட்டைச் சுருக்கினால், ‘ஏன்பா, அதுக்குள்ள மேல போயிட்டே’ என்று கீழே இருந்து சத்தம் வரும். என் தாத்தா அப்படிச் சத்தம் போட்டவர்தான். மறுநாள் காலையில் அதே நடிகருக்கு வீட்டில் கூழ் ஊற்றிக் கொடுத்து, எந்த அடி விட்டுப் போனது என்று சொல்லிப் பாடியும் காட்டுவார்.

இதைவிடப் பெரிய விமர்சனம் உலகத்தில் எங்கே நடக்கிறது? அது அந்தக் களரியிலேயே, அந்த நடிகரின் காதிலேயே விழுகிறது. உங்கள் ஃபிராங்க் ரிச் அரங்கில் எழுந்து நின்று ‘அந்த அடியை மறுபடி பாடு’ என்று சொல்ல முடியுமா?


செய்யாறு மாணவி எழுதியது:

முடியாது. ஆனால் உங்கள் தாத்தாவோடு அது போய்விட்டது, ஐயா. அந்தக் கிழவர்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது செல்போன் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.


பின்பாட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் ஜமாவில் இருக்கிறேன். எந்த ஜமா என்று சொல்லவில்லை. நண்பர் எழுதிய ஜமா இல்லை, ஆனால் அவர்களை எனக்குத் தெரியும். பெரும்பாலும் வேஷக்காரர் பாடும் அடியை வாங்கித் திருப்பிப் பாடும் பின்பாட்டு, தேவைப்பட்டால் வேஷமும் கட்டுவேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் மன்னிக்கவும்.

சீசன் என்றால் எங்களுக்குப் பங்குனி, சித்திரை, வைகாசிதான் உச்சம். ஆடியோடு குறைந்துவிடும். அந்த மாதங்களில் தொடர்ந்து ராத்திரிகள் வரும். ஓர் ஊரில் விடியற்காலை வேஷம் கலைத்து, வேனில் தூங்கி, அடுத்த ஊரில் சாயந்திரம் இறங்கி, மறுபடி அரிதாரம் பூச உட்காருவோம். ஒரு ராஜ வேஷம் கட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். முகம் எழுதி, கச்சை கட்டி, புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக் கட்ட வேண்டும். இறுக்கம் தளர்ந்தால், கிறுக்கி என்று வேகமாகச் சுழலும்போது கழன்றுவிடும். அவ்வளவையும் உடம்பில் சுமந்துகொண்டு உச்சக் குரலில் பாடி ஆட வேண்டும். குரல் கட்டத்தான் செய்யும். கட்டின குரலை வைத்து விடியும் வரை எப்படிக் கொண்டுபோகிறான் என்பதில்தான் எங்கள் தொழில் இருக்கிறது. நாங்கள் பின்பாட்டில் மேல் ஸ்தாயியை வாங்கிக்கொண்டு அவரை வசனத்தில் நிற்க விடுவோம். அதைக் கவனித்து எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.

சினிமா மெட்டு என்று சொன்னார். உண்மைதான், வருகிறது. எங்களுக்கும் பிடிப்பதில்லை. ஐநூறு ரூபாயை நீட்டி இந்தப் பாட்டு வேண்டும் என்று கேட்பது யார்? ஊர்ப் பையன்கள்தான். கட்டியக்காரன் அந்த அன்பளிப்பை மைக்கில் வாசிக்க வேண்டும், கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், தெரு, எல்லாம். கர்ணன் சாகக் கிடக்கும்போதுகூட நிறுத்தி வாசித்திருக்கிறோம். வாசிக்காவிட்டால் சண்டை வரும். இதையும் சேர்த்து எழுதுங்கள். களரியை மட்டும் பார்க்காதீர்கள், கூட்டத்தையும் பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்று. சில ராத்திரிகளை எழுதவே கூடாது. கருமாதிக்குக் கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சக் கூத்து வைப்பார்கள். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் அப்பாவை இழந்த பிள்ளைகள். அன்று நாங்கள் பாடுவது அவர்களுக்காக, செத்தவருக்காக. துகில் ராத்திரியில் பாஞ்சாலி சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திச் சூடம் ஏற்றிக் கும்பிடுவோம். துச்சாதனன் வேஷம் கட்டியவனும் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவான். கூட்டத்தில் பெண்களுக்கு ஆவேசம் வந்துவிடும். அங்கே உட்கார்ந்து மதிப்பெண் போட முடியுமா?

குறையைக் காலையில் வேஷம் கலைக்கிற கொட்டகைக்கு வந்து சொல்லுங்கள். டீ குடித்துக்கொண்டே கேட்போம். பெயர் போட்டு ஊருக்கெல்லாம் சொன்னால் அடுத்த வருடத் தாம்பூலம் போய்விடும். ஒரு தாம்பூலம் போனால் பதினைந்து குடும்பத்துக்கு அந்த ராத்திரி போச்சு.


ஆரணி நெசவு எழுதியது:

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். ஜமாவின் பெயரை என் பதிவிலிருந்து எடுத்துவிட்டேன், தாம்பூலம் போவது எனக்கும் வேண்டாம். ஆனால் கொட்டகைக்கு வந்து சொல்லுங்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு.

கொட்டகையில் சொன்னது கொட்டகையிலேயே நின்றுவிடும். விழாக் குழுவுக்குத் தெரியாது, அன்பளிப்பு நீட்டுகிற பையனுக்குத் தெரியாது. கர்ணன் சாகும்போது நிறுத்தி வாசிக்க வேண்டியிருக்கிறது என்று நீங்கள் இங்கே எழுதியதால்தான் எனக்கே அதன் வலி தெரிகிறது. அதைப் பொதுவில் எழுதினால் அடுத்த வருடம் எங்கள் ஊரில், அன்பளிப்பை எல்லாம் சேர்த்துக் கடைசியில் வாசியுங்கள் என்று கூட்டம் போட்டுப் பேச முடியும். பூசி மெழுகுவதால் உங்களுக்கு லாபமில்லை, கூத்தைக் கவனிக்காமல் சினிமாப் பாட்டு கேட்கிறவனுக்குத்தான் லாபம்.

கருமாதிக் கூத்தை எழுதக் கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். விழாக் கூத்தை எழுதத்தான் வேண்டும்.


ஜெர்சியில் ஒரு குடியாத்தத்தான் எழுதியது:

சினிமா மெட்டு பற்றி ஒன்று. மெட்டு வெளியிலிருந்து வருவதே தப்பு என்று எழுதாதீர்கள். களரியில் இருக்கும் ஆர்மோனியமே வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிதான். இன்று அது இல்லாமல் கூத்து இல்லை. முகவீணை என்ற சிறு ஊதுகுழலை வாசிக்க ஆள் இல்லாத ஊர்களில் ஆர்மோனியம் ஒன்றுதான் சுருதியைத் தாங்குகிறது. கேட்க வேண்டியது, அந்த மெட்டு அந்த இடத்தில் அந்தப் பாத்திரத்துக்கு என்ன செய்தது என்பதை. கர்ணன் மனைவி பொன்னுருவி அழும்போது குத்துப்பாட்டு மெட்டு வந்தால் அது குறை. கட்டியக்காரன் வரும்போது வந்தால், அவன் வேலையே அதுதானே?

இன்னொரு செய்தியையும் இங்கே வைக்கிறேன். 2017 டிசம்பரில் நியூயார்க் பார்க் அவென்யூ ஆர்மரியில் பிரான்சின் தியாத்ர து சொலேய் குழு ஒரு நாடகம் போட்டது. அரியான் ம்னூஷ்கின் இயக்கியது, ஒரு வருடம் முன்னால் பாரிஸில் தொடங்கியது. நடுநடுவே கூத்து வரும். துகிலுரிதலும் கர்ணனின் சாவும் வரும். பல நாட்டு நடிகர்கள் தமிழில் பாடி ஆடினார்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் புரிசை சம்பந்தத் தம்பிரான். மரக் கட்டை அணிகளைக் கட்டிக்கொண்டு அவர்கள் வந்து நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கே பத்திரிகைக்காரர்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். அதே கூத்து புரிசையில் நடந்தால் வேலூரிலிருந்து எத்தனை பேர் குறிப்பேட்டோடு போகிறார்கள்? செய்யாறு நமக்கு எவ்வளவு தூரம்?


செய்யாறு மாணவி எழுதியது:

போகிறவர்கள் பெண் வேஷத்தைப் பற்றியும் எழுதட்டும். இந்தப் பேச்சில் இதுவரை அது வரவில்லை.

ஆண்கள் கட்டும் பாஞ்சாலியை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் பார்த்ததிலேயே பெரிய பாஞ்சாலி ஓர் ஆண்தான். கூந்தலை விரித்துச் சபதம் சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் அவர்களும் ஹன்னெ டி புருயின் அவர்களும் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்றார்கள், ராஜ வேஷமும் கட்டினார்கள். அவர்கள் ஆடினால், ‘ஆம்பளை மாதிரி ஆடுது பொண்ணு’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அது பாராட்டும் இல்லை, விமர்சனமும் இல்லை. அந்தப் பெண் துரியோதனனின் கோபத்தை எங்கே வைத்தாள், குரலிலா, தோளிலா, காலிலா? விருத்தத்தை ஆண் வாத்தியார் பாடும் சுருதியிலேயே பாடினாளா, தன் குரலுக்கு மாற்றிக்கொண்டாளா? மாற்றிக்கொண்டால் ஆர்மோனியக்காரர் ஒத்துழைத்தாரா? இதை யாராவது எழுதினால் அடுத்து வருகிற பெண்ணுக்கு அது பாடம். எழுதாவிட்டால் ஒவ்வொருத்தியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.


வாலாஜா ரயிலடி எழுதியது:

எல்லோரும் எழுத வேண்டும் எழுத வேண்டும் என்கிறீர்கள். இழை தொடங்கியவர் ஒன்றை எழுதிக் காட்டட்டும்.


பாலாற்றங்கரை எழுதியது:

சரி, எழுதுகிறேன். திமிரிப் பக்கம் ஓர் ஊரில் அண்மையில் பார்த்த கர்ண மோட்சம். விழாக் கூத்து, கருமாதிக் கூத்து அல்ல. ஜமாவின் பெயர் போடவில்லை. முழுக் கூத்தையும் பார்த்தேன், ஆனால் ஒரே ஒரு காட்சியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

போருக்குப் போகும் முன் கர்ணன் பொன்னுருவியிடம் விடை கேட்கும் காட்சி. மணி இரண்டரை இருக்கும். தேரோட்டி மகன் என்று அவள் அவனை இத்தனை காலம் மதிக்கவில்லை. அவன் வந்து வாசலில் நிற்கிறான். இந்த இடத்தில் வழக்கமாகக் கர்ணன் வேகமாகச் சுற்றி வந்து ராஜ கம்பீரம் காட்டிவிட்டுத்தான் பாட்டுக்கு வருவார். இவர் சுற்றவில்லை. கிரீடத்தின் பாரம் தெரியும்படி மெல்ல நடந்து வந்து, களரியின் ஓரத்தில் அவளுக்கு முதுகு காட்டி நின்று முதல் விருத்தத்தைக் கூட்டத்தைப் பார்த்துப் பாடினார். அவளிடம் கேட்க வந்தவன் அவளைப் பார்க்கக் கூசுகிறான் என்பது வசனம் இல்லாமலே புரிந்தது. பின்பாட்டுக்காரர்கள் கடைசி அடியை வாங்கித் திருப்பிப் பாடிய நேரத்தில்தான் திரும்பினார். ஆண்டுக்கணக்கில் இந்தக் கூத்தைப் பார்க்கிறேன், இப்படி ஒருவர் செய்து பார்த்ததில்லை.

பொன்னுருவி வேஷக்காரர் முதலில் குரலை ஏற்றியே வைத்திருந்தார். ஏச்சுக்கு அது சரி. மனம் மாறி, போக வேண்டாம் என்று கெஞ்சுகிற தாளப் பாட்டான தருவிலும் அதே உயரத்தில் நின்றதால் மாற்றம் தெரியவில்லை. தரு முடிந்து வசனத்துக்கு வந்தபோது குரல் இறங்கியது, அப்போதுதான் அழுகை வந்தது. இரண்டு அடி முன்னாலேயே இறங்கியிருக்கலாம்.

இனி என் குறைகள் இரண்டு. ஒன்று, மைக். ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்துவிட்டு, பெஞ்சில் இருந்த பின்பாட்டுக்காரர்களைத் தூர விட்டுவிட்டார்கள். கர்ணன் பாட்டுக்கு மறு குரல் வருவதுதான் அந்தக் காட்சியின் பலம். பாதி அடிகளை ஆர்மோனியம் விழுங்கிவிட்டது. முகவீணை இருந்தது. அதை வாசித்த பெரியவர் மைக்கே இல்லாமல் எல்லாவற்றையும் தாண்டிக் கேட்டார். அந்த ஒலிக்கு நான் விடியும் வரை நன்றியோடு இருந்தேன்.

இரண்டு, கட்டியக்காரன். பொன்னுருவி கர்ணன் காலில் விழுகிற இடத்தில் குறுக்கே வந்து ஒரு குடும்பச் சண்டை நகைச்சுவையைச் செய்தார். கூட்டம் சிரித்தது, நானும் கேட்டேன், நல்ல நகைச்சுவைதான். ஆனால் அதுவரை கட்டி வந்தது அவ்வளவும் கலைந்துவிட்டது. கர்ணன் மறுபடி விருத்தம் எடுத்து அந்த இடத்துக்குக் கூட்டத்தைக் கொண்டுவர நெடுநேரம் ஆனது. அந்த நகைச்சுவையைச் சல்லியன் தேரோட்ட வரும் இடத்துக்குத் தள்ளியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

நட்சத்திரம் இல்லை.


ஆரணி நெசவு எழுதியது:

இதைப் படித்ததும் அந்தக் கர்ணனைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். இப்படி எழுத விடியும் வரை உட்கார வேண்டும், காட்சி காட்சியாகத் தெரிந்திருக்க வேண்டும். என்னைப் போல் ராத்திரி பாதியில் எழுந்து போகிறவன் எதையும் சொல்லக் கூடாதா?


செய்யாறு மாணவி எழுதியது:

சொல்லலாம் அண்ணா. எத்தனை மணி வரை பார்த்தேன், எந்தெந்தக் காட்சி பார்த்தேன் என்று மேலே எழுதிவிட்டு, பார்த்ததைப் பற்றி மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன தாமதம் என் குறிப்பேட்டிலும் இருக்கிறது. எங்கள் ஊரிலும் அதே கதைதான்.


பின்பாட்டு எழுதியது:

பாலாற்றங்கரை ஐயா, மைக் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. மைக் செட்காரர் வைத்துவிட்டுப் போன இடத்தை நாங்கள் மாற்றுவதில்லை, ஒயர் எட்டாது என்பார். பெஞ்சுக்கு ஒரு மைக் தனியாக வேண்டும் என்று தாம்பூலம் வாங்கும்போதே சொல்லிவிடுவது என்று எங்கள் ஜமாவில் பேசியிருக்கிறோம். பொன்னுருவி தரு பற்றிச் சொன்னதை எங்களிடம் பெண் வேஷம் கட்டுகிற தம்பிக்குப் படித்துக் காட்டினேன். பாடிப் பார்த்தான். இறக்கினால் தாளம் தளர்கிறது, மிருதங்கத்தோடு உட்கார்ந்து பழகிப் பார்க்க வேண்டும் என்கிறான்.

ஆனால் கட்டியக்காரன் பற்றி நீங்கள் எழுதியதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மணி இரண்டரை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் முன்வரிசை தவிர மற்றவர்கள் பாயில் சாய்ந்திருப்பார்கள், பிள்ளைகள் தூங்கியிருக்கும். அங்கே சிரிப்பைப் போட்டு எழுப்பாவிட்டால் கர்ணன் விழுகிற காட்சியைப் பார்க்க ஆள் இருக்காது. சல்லியன் இடத்துக்குத் தள்ளினால் அதற்குள் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எங்கள் வாத்தியார் அந்த நகைச்சுவையை அவள் காலில் விழுவதற்கு முன்னால் வைப்பார். விழுந்த பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது என்பார். அந்த ஜமாவில் இடம் மாறிப்போயிருக்கிறது என்று நினைக்கிறேன். வைகாசியில் எங்களுக்குக் கலவைப் பக்கம் கர்ண மோட்சம் இருக்கிறது. தேதியைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, எது சரி என்று மறுபடி எழுதுங்கள்.